எல்மருக்குத் தண்ணீர் ஊற்றியது யார்?

போன வருடம் எங்கள் காலனி மாலை நேரப் படிப்பு மையத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி நிறையப் புத்தகம் வந்தது. சென்னை நண்பர்கள் சிலர் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். எல்லாம் ஆங்கிலப் படக்கதைகள். வழவழப்பான தாள், கண்ணைப் பறிக்கும் வண்ணம். பிள்ளைகள் அடித்துப் பிடித்து எடுத்தார்கள். நான் எடுத்தது டேவிட் மெக்கீயின் 'எல்மர்'. வேறுபாடுகளை ஏற்றுக்கொள்ளக் குழந்தைகளுக்கு எப்படிச் சொல்லித்தருவது என்று எந்தப் பயிற்சியில் பேச்சு வந்தாலும் அந்த யானை வந்து நிற்கும். எம்.ஏ. படித்த காலத்தில் நானே அதை வைத்து வகுப்பில் பேசியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஒரு யானைக் கூட்டம். எல்லாம் யானை நிறம். எல்மர் மட்டும் ஒட்டுப்போட்ட துணி மாதிரி கட்டம் கட்டமாகப் பல நிறம். கூட்டத்தையே சிரிக்கவைப்பவன் அவன்தான். தன் நிறத்தைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்களோ என்று ஒரு ராத்திரி தூக்கம் பிடிக்கவில்லை. விடிகாலையில் நழுவிப் போகிறான். யானை நிறப் பழம் காய்த்த ஒரு புதரை உலுக்கி, உதிர்ந்த பழத்தில் புரண்டு சாம்பல் நிறமாகித் திரும்புகிறான். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கூட்டம் உம்மென்று நிற்பதைத் தாங்கமுடியாமல் ஒரு கத்து கத்துகிறான். எல்லோரும் சிரிக்க, மழை வந்து சாயம் கரைகிறது. அன்றிலிருந்து வருடத்துக்கு ஒருநாள் எல்லா யானைகளும் வண்ணம் பூசிக்கொள்ளும், எல்மர் மட்டும் சாம்பல் பூசிக்கொள்வான்.

படத்தைக் காட்டிக் காட்டித் தமிழில் சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். முடித்ததும் நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்.

"அக்கா, எல்மரு எங்க தண்ணி குடிப்பான்?"

"மத்த யானைங்க குடிக்கிற எடத்துலதான்."

"எங்க படுப்பான்?"

"அவங்களோடதான்."

"அப்ப அவனுக்கு என்னாக்கா பிரச்சினை?"

என்னிடம் பதில் இல்லை. ஆறு வருடமாக இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கேள்வி ஒருமுறைகூடத் தோன்றியதில்லை.

அவள் சொன்னது சரி. எல்மரை யாரும் ஒதுக்கவில்லை. முதல் பக்கத்திலிருந்தே அவன் கூட்டத்தின் செல்லப்பிள்ளை. அவன் துயரம் முழுக்க அவன் மனசுக்குள் இருக்கிறது. மனசு மாறினால் கதை முடிந்துவிடுகிறது. எங்கள் காலனிப் பிள்ளைகளுக்கு மனசு நன்றாகத்தான் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிதான் வேறாக இருக்கிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் அந்தத் தனித் தொட்டிக்குள்ளும் மலத்தைக் கலந்தார்கள் என்பது இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியும். டிவியில் பார்த்தார்கள், வீட்டில் பேசக் கேட்டார்கள்.

மெக்கீயின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. 1968இல் முதலில் வந்து, 1989இல் இன்று நாம் பார்க்கும் வடிவத்தில் மறுபடி வந்த புத்தகம் அது. அவர் மனைவி ஆங்கிலோ இந்தியர். மகளைத் தெருவில் ஒருவன் நிறத்தைச் சொல்லி ஏசியதும் இந்த யானை பிறக்க ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். எங்கள் மையத்திலேயே அது ஒரு வேலை செய்தது. திக்கித் திக்கிப் பேசும் ஒரு பையனுக்குப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்மர் வந்த வாரத்திலிருந்து அது நின்றுபோனது. திக்குவாய், கால் ஊனம், கறுப்பு, குட்டை, இதற்கெல்லாம் அந்தக் கதை போதும்.

சிக்கல் அதைச் சாதிக்கு மருந்தாக எடுத்துக்கொண்டு போகும்போது வருகிறது.

பக்கத்து ஊர்ப் பள்ளி ஒன்றில் மாணவர்களுக்குள் கைகலப்பு. என்ன காரணம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேச என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே போகுமுன் தலைமையாசிரியர் தனியாக அழைத்துச் சொன்னார்: "மேடம், சாதின்னு மட்டும் பேசிடாதீங்க. அந்த யானைக் கதை மாதிரி பொதுவா ஏதாவது சொல்லுங்க." நல்ல மனிதர்தான். அவர் வாயிலிருந்து அது வந்தபிறகுதான் அந்த யானை ஏன் எல்லாப் பயிற்சிக்கும் வந்து நிற்கிறது என்று எனக்குப் புரிந்தது. யாரையும் சங்கடப்படுத்தாத யானை.

சொன்னேன், அவர் கேட்டபடியே. முடிவில் ஊர்த்தெருப் பையன் ஒருவன் எழுந்து, "எல்மரு பாவம் மேடம். நாங்களா இருந்தா சேத்துக்குவோம்" என்றான். உண்மையான இரக்கத்தோடு சொன்னான். பின் பெஞ்சில் எங்கள் காலனிப் பிள்ளைகள் மூன்று பேர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள்.

'சேத்துக்குவோம்' என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் தோழர்களே. சேர்த்துக்கொள்ள ஒருவனுக்கு உரிமை இருக்கிறது என்றால், அந்த இடம் அவனுடையது என்று ஆகிவிட்டது. பள்ளிக்கூடம் யாருடையது? அரசுப் பணத்தில் கட்டியது. வேறுபாடுகளை 'ஏற்றுக்கொள்' என்று பன்னிரண்டு வயதுப் பையனுக்குச் சொல்லும்போது, நீ ஏற்றுக்கொள்பவன், அவர்கள் காத்திருப்பவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். அவனிடம் இல்லாத பட்டாவை நாமே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். சாதியைப் படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்றார் அம்பேத்கர். நாம் அதை வானவில் ஆக்கிவிடுகிறோம்.

நிறம் என்றதும் இன்னொன்று. நம் பள்ளிகளில் நிறத்துக்கே பொருள் வேறு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தடுக்கப்போன தங்கையையும் உடன்படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் வண்ணக் கயிறு கட்டி வரக்கூடாது, சாதியைக் காட்டும் வண்ணத்தில் சைக்கிள் வரக்கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரை இருக்கிறது. பள்ளிப் பெயர்களில் சாதி இருக்கக்கூடாது என்றும் இருக்கிறது. மணிக்கட்டில் நிறம் பார்த்துச் சாதி பிரிக்கும் பிள்ளைகளிடம் போய் 'எல்லா நிறமும் அழகு' என்றால் அவர்களுக்கு என்ன விளங்கும்?

அதற்காக எல்மரைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அதில் ஒரே ஒரு பக்கம் நமக்கானது. பழத்தில் புரளும் பக்கம். மையத்தில் அந்தப் பக்கத்துக்கு வந்தபோது பின்னால் சும்மா உட்கார்ந்திருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் சொன்னான்: "இத நாங்க டெய்லி பஸ்ல பண்றோம்க்கா." எந்த ஊர், எந்தத் தெரு என்று யாராவது கேட்டால் பஸ் நிறுத்தத்துக்கு அந்தப் பக்கத் தெருவைச் சொல்வானாம். "மழ பெஞ்சா அவ்ளோதான்" என்று சிரித்தான். அன்று முக்கால் மணிநேரம் அந்த ஒரு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தோம். கல்லூரி விடுதியில் நானும் புரண்ட பழம் அது. அதைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அடுத்த வாரம் 'பீமாயணம்' எடுத்துப்போனேன். 2011இல் நவயானா வெளியிட்டது, தமிழிலும் வந்திருக்கிறது. துர்காபாய் வியாம், சுபாஷ் வியாம் என்ற பர்தான் கோண்டு ஓவியர்கள் வரைந்தது. சாதாரணக் காமிக்ஸ் மாதிரி கட்டம் கட்டமாக இருக்காது, படம் பக்கம் முழுக்க ஓடும். சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்து அதிகம்தான், அதனால் படத்தை மட்டும் காட்டி நான் சொன்னேன். சதாரா பள்ளியில் சிறுவன் பீம் தனிச் சாக்கில் உட்கார்ந்தது, அந்தச் சாக்கைத் தினமும் வீட்டுக்கே சுமந்துபோனது, பியூன் வந்து குழாயைத் திறந்தால்தான் தண்ணீர், பியூன் வராத நாளில் தாகம்தான் என்பது. இந்த முறை யாரும் 'என்ன பிரச்சினை' என்று கேட்கவில்லை.

அந்தப் புத்தகத்தில் இதமான பேச்சு பறவை வடிவக் குமிழில் வரும். இழிவுபடுத்தும் பேச்சுக்குமிழில் தேள்கொடுக்கு இருக்கும். பிள்ளைகள் அதை உடனே பிடித்துக்கொண்டார்கள். இப்போது எங்கள் மையத்தில் 'தேள் பேச்சு' என்றே ஒரு சொல் புழங்குகிறது. டீக்கடையில், ரேஷன் கடையில், வகுப்பில் யார் என்ன சொன்னார்கள் என்று வந்து சொல்வதற்கு அவர்களுக்கு ஒரு சொல் கிடைத்துவிட்டது.

பள்ளிகளுக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். எல்லாப் பிள்ளைகளும் கலந்திருக்கும் வகுப்பில் இந்தப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, "உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நான் ஒருமுறை கேட்டேன். வகுப்பே திரும்பி அந்த மூன்று பேரைப் பார்த்தது. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி அடுத்த இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. அது நான் செய்த தவறு. அதற்குப் பிறகு கேள்வியை மாற்றிக்கொண்டேன். தண்ணீர் எடுத்துவர டீச்சர் யாரைக் கூப்பிடுவார்? கழிவறை கழுவ யாரை? பீமுக்குக் குழாயைத் திறந்துவிடாமல் மற்ற பையன்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஊர்த்தெருப் பையன்கள்தான் பதில் சொல்லியாகவேண்டும். 'சேத்துக்குவோம்' என்ற பையன் நீண்டநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாத்துகிட்டு இருந்திருப்பாங்க" என்றான். தலைமையாசிரியர் அடுத்த மாதம் என்னைக் கூப்பிடவில்லை. வேறு பள்ளியில் கேட்டிருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மையத்தில் படம் வரையச் சொல்லியிருந்தோம். அந்த நாலாம் வகுப்புக்காரி எல்மரை வரைந்திருந்தாள். கட்டம் கட்டமாக எல்லா நிறமும் போட்டு, கீழே ஒரு சாக்கு. சாக்கின் மேல் எல்மர் உட்கார்ந்து தும்பிக்கையை ஏந்திக்கொண்டிருந்தான். மேலே குழாய். பக்கத்தில் ஒரு ஆள் நிற்குமளவு இடம் காலியாக இருந்தது.

"தண்ணி தொறந்து வுடற ஆளு எங்கடி?" என்று கேட்டேன்.

"அவரு இன்னைக்கி லீவுக்கா" என்றாள்.