முத்திரை நம் பொறுப்பு. உதிரிபாகம் யார் பொறுப்பு?

முண்டு மிளகாயானாலும் பாம்பன் கருவாடானாலும் இன்று நாம் நிறுப்பது எலக்ட்ரானிக் தராசில்தான். அந்தப் பெட்டிக்குள் இருப்பது என்ன என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

தராசுக் கம்பெனி ஒரு மாடலை வடிவமைக்கும்போது, எந்த லோடு செல், எந்த சிப், எந்த கெப்பாசிட்டர் என்று சோதித்து ஏற்ற பாகங்களுக்குப் பட்டியல் வைத்திருக்கும். மத்திய அரசு மாடலுக்குத் தரும் அங்கீகாரமும் அதே வடிவமைப்பில், அதே பொருள்களில் செய்தால்தான் செல்லும். 2009ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டப்படி நாமும் ஆண்டுதோறும் முத்திரை பெறுகிறோம். 5 கிராம் பிரிவுள்ள தராசில் 2 கிலோவுக்கு இரண்டரை கிராமுக்கு மேல் பிழை இருந்தால் முத்திரை விழாது.

இத்தனை கட்டுப்பாடும் முதல் பழுது வரைதான். நம் கரையின் உப்புக்காற்று எதை விட்டு வைத்தது? லோடு செல்லுக்குள் ஈரம் புகுந்தால் தட்டு காலியாக இருக்கும்போதே எண் ஓடும். போர்டில் பச்சை பூக்கும். மெக்கானிக் கையில் கிடைத்த செல்லை மாட்டிவிட்டுப் போகிறார். வெளியே கம்பெனிப் பெயர், உள்ளே வேறு சரக்கு! பழுது பார்த்த தராசுக்கு மறுமுத்திரை வேண்டும் என்பதும் மறந்து போகிறது. ஆய்வாளர் வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்.

கம்பெனிகளுக்கும் சங்கடம் உண்டு. 2021இல் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கலாம். பாகம் ஒன்று சந்தையில் நின்றுபோனால், மாற்றுப் பாகத்தை முறையாகச் சோதித்துப் பட்டியலில் சேர்க்க வேண்டியது அவர்கள் வேலை. அந்தப் பட்டியல், பழுது பார்க்க உரிமம் பெற்றவர் கையிலும் இருக்க வேண்டும் என்கிறோம்.

1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் அரிப்புத் தடுப்புப் பூச்சும் தேர்ந்தெடுத்தார்கள். நம் ஊருக்கு விற்கும் தராசிலும் ஈரம் புகாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செல்லும், பூச்சுப் பூசிய போர்டும் கேட்பது தவறா? விலை கூடும்தான். வருடத்துக்கு இரண்டு பழுதுக் கூலியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

“எதையாவது மாட்டி ஓட விடுங்க அண்ணே” என்று சொல்வதை நாமும் விட வேண்டும். மாற்றிய பாகத்தின் பெயரையும் எண்ணையும் பில்லில் எழுதி வாங்குங்கள். டீலர்களுக்குச் சங்கத்தின் சார்பில் கடிதம் போக வேண்டும் என்பது நம் கருத்து. அதுவரை, கழற்றிய பழைய செல்லை மெக்கானிக்கிடம் விட்டுவிடாமல் கடையிலேயே வாங்கி வையுங்கள்.