கேள்வியைத் தயாரிப்பவர் பதிலைக் குற்றம் சொல்கிறார்

நேர்காணலுக்குப் பதில்களைத் தயாரித்துக்கொண்டு வரும் பட்டதாரிகள் ஏமாற்றுக்காரர்கள் என்று ஒரு மூத்த மனிதவள அதிகாரி எழுதியிருக்கிறார். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றதும் ஒப்பிக்கத் தொடங்குகிறவர்களைப் பார்த்துப் பார்த்து அவருக்குச் சலித்துவிட்டதாம். தன்னை அறிந்தவருக்குத் தயாரிப்பு எதற்கு, இயல்பாக வந்து உட்கார்ந்து உண்மையைப் பேசினால் போதாதா என்று கேட்கிறார். கல்லூரிகளில் நடக்கும் மாதிரி நேர்காணல்களையே நிறுத்த வேண்டும் என்பதுவரை போகிறார்.

இந்த வாதம் தவறு. முதல் தலைமுறைப் பட்டதாரிகளின் வயிற்றில் அடிக்கும் வாதமும்கூட.

அவர் மெச்சும் அந்த இயல்பு எங்கே விளைகிறது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அப்பா வங்கி அதிகாரி, சித்தப்பா ஐ.டி. கம்பெனி மேனேஜர் என்றிருக்கும் வீட்டில், வருகிற விருந்தாளிகள் எல்லாம் பிள்ளையை உட்காரவைத்து என்ன படிக்கிறாய், என்ன ஆகப்போகிறாய் என்று கேட்கிறார்கள். பிள்ளை பதில் சொல்கிறது, சிரிக்கிறார்கள், திருத்துகிறார்கள். இருபத்தொரு வயதில் வளாக நேர்காணலுக்கு வரும்போது அந்தப் பையன் பத்துப் பதினைந்து வருடம் பயிற்சி எடுத்தவன். கட்டணம் கட்டாத பயிற்சி என்பதால் யார் கண்ணிலும் படுவதில்லை. இன்னொரு வீட்டில் பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகள் வாய் திறக்கக் கூடாது. தான் செய்ததைத் தானே சொன்னால் தற்பெருமை என்று அதட்டு விழும். அப்படி வளர்ந்த பெண்ணிடம், முன்பின் தெரியாத மூன்று பேர் முன்னால், இரண்டு நிமிடத்தில், அதுவும் ஆங்கிலத்தில், உன் பெருமையைச் சொல் என்கிறார்கள். சொல்லத் திணறினால் ‘தொடர்பாற்றல் குறைவு’ என்று தாளில் எழுதிவிடுகிறார்கள்.

வார இறுதிகளில் ஒரு மாவட்டக் கல்லூரியில் மாதிரி நேர்காணல் நடத்துகிறேன். மின்னியல் இறுதியாண்டு மாணவி ஒருவர் வந்து உட்கார்ந்தார். பெயர், ஊர், அப்பா விவசாயி, அம்மா வீட்டில், பொழுதுபோக்கு பாட்டு கேட்பது. அவ்வளவுதான், முடிந்தது. கண் மேசையை விட்டு எழவில்லை. ப்ராஜெக்ட் என்ன என்று கேட்டேன். “சாயில் மாய்ஸ்ச்சர் சார், டீம் ப்ராஜெக்ட்” என்றார். அத்தோடு நிறுத்திவிட்டார். டீமில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று விடாமல் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மண் ஈரத்தைப் பார்த்துப் போர் மோட்டாரைத் தானாக ஓடவிடும் கருவி அது. மோட்டார் நிற்கும்போதெல்லாம் ஆர்டுயினோ போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருந்திருக்கிறது. சென்சாரை மாற்றிப் பார்த்தார்கள், புரோகிராமை மாற்றிப் பார்த்தார்கள், சரியாகவில்லை. ஸ்டார்ட்டரில் உள்ள கான்டாக்டர் காயில் விடுபடும் நொடியில் எழும் மின்துடிப்புதான் போர்டைக் கவிழ்க்கிறது என்று கண்டுபிடித்தது இந்தப் பெண். காயிலின் குறுக்கே ஸ்னப்பர் மாட்டி, போர்டுக்குத் தனி பவர் சப்ளை கொடுத்துச் சரிசெய்ததும் இவரே.

இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றேன். “இதெல்லாம் சொல்லலாமா சார்?” என்று கேட்டார்.

அன்று மாலை நாங்கள் செய்தது, என்ன சிக்கல், அதில் அவர் பொறுப்பு எது, என்ன செய்தார், என்ன ஆனது என்று நடந்ததை வரிசைப்படுத்தியது மட்டும்தான். இல்லாதது எதையும் சேர்க்கவில்லை. கட்டுரையாளர் ஏமாற்று என்று சொல்லும் தயாரிப்பு இதுதான். இந்தத் தயாரிப்பு இல்லாமல் போயிருந்தால், பழுதின் வேரைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த ஒரு பொறியாளரை, பாட்டு கேட்கப் பிடிக்கும் ஒரு பெண் என்று மட்டுமே தெரிந்துகொண்டு நிறுவனம் திருப்பி அனுப்பியிருக்கும்.

யோசிக்காமல் பதில் சொல்லவே கூடாத கேள்விகளும் இருக்கின்றன. வெளியூர் போவீர்களா, நைட் ஷிஃப்ட் சம்மதமா, இரண்டு வருட பாண்டில் கையெழுத்துப் போடுவீர்களா என்று எச்.ஆர். ரவுண்டில் கேட்கிறார்கள். ஒரு பெண் இதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டுமானால், நேர்காணலுக்கு முந்தைய வாரமே வீட்டில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அப்பாவைச் சம்மதிக்கவைத்திருக்க வேண்டும், அல்லது முடியாது என்று தானே முடிவெடுத்திருக்க வேண்டும். பாண்டை உடைத்தால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று விசாரித்திருக்க வேண்டும். இயல்பாக வந்து உட்கார்ந்தவர் எல்லாவற்றுக்கும் ‘யெஸ் சார்’ என்பார், பணி ஆணை வந்த பிறகு வீட்டில் அழுவார். கல்யாணம் எப்போது என்ற கேள்வியையும் இன்னும் கேட்கிறார்கள். அதற்கு என்ன சொல்வது, எந்த அளவில் பேச்சை நிறுத்துவது என்று ஒரு பெண் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வதைக் குற்றம் என்று சொல்ல இவருக்கு எப்படி மனம் வருகிறது? அரியர் ஏன் விழுந்தது, நடுவில் ஒரு வருடம் ஏன் படிக்கவில்லை என்ற கேள்விகளும் அப்படித்தான். அந்த வருடத்தில் வீட்டில் யார் படுத்த படுக்கையாகக் கிடந்தார்கள் என்பதை அந்நியர் முன் உடையாமல் சொல்ல, முன்னதாக ஒரு தடவையாவது வாய்விட்டுச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

அவர் சொல்வதில் ஒன்று சரி. கையேட்டிலிருந்து உருப்போட்ட பதில் அலுப்பூட்டும். ‘என் பலவீனம் அளவுக்கு மீறி உழைப்பது’ என்று ஒப்பிப்பதால் யாருக்கும் பயனில்லை. அதை உடைக்க ஒரே ஒரு துணைக்கேள்வி போதும்: கடைசியாக அது உங்களை எப்போது சிக்கலில் மாட்டியது? உருப்போட்டவர் அங்கேயே நின்றுவிடுவார், யோசித்து வந்தவர் தொடர்ந்து பேசுவார். இத்தனை வருடம் ஆளெடுத்தவருக்கு இந்த வித்தியாசம் பிடிபடவில்லை என்றால், குறை எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் இல்லை.

இயல்பான உரையாடலே ஆளைக் காட்டும் என்பது அவருடைய பெரிய நம்பிக்கை. அதை ஆராய்ச்சி எப்போதோ கைவிட்டுவிட்டது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் 2022-இல் முந்தைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துக் கணக்கிட்டார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலால் மதிப்பெண் போடும் நேர்காணலுக்கும் பிற்காலப் பணித்திறனுக்கும் உள்ள ஒட்டுறவு 0.42 என்றும், மனம்போன போக்கில் பேசிப் பார்க்கும் நேர்காணலுக்கு அது 0.19 மட்டுமே என்றும் அவர்கள் கண்டார்கள். பயிற்சி கொடுத்தால் நேர்காணலே பொய்த்துவிடும் என்கிறாரே, டாட் மோரரும் சக ஆய்வாளர்களும் 2008-இல் அதையும் சோதித்தார்கள். பயிற்சி பெற்றவர்களிடையே நேர்காணலின் கணிக்கும் திறன் குறையவில்லை, கூடியிருந்தது. என்ன கேட்கப்படுகிறது என்று புரிந்து பேசும்போதுதான் ஆளின் திறமை கண்ணுக்குத் தெரிகிறது.

குடிமைப் பணித் தேர்வில் மொத்தம் 2025 மதிப்பெண். அதில் ஆளுமைத் தேர்வு என்ற நேர்காணலுக்கு 275. தாங்கள் நிரப்பிக் கொடுத்த விண்ணப்பத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் வைத்து என்னென்ன கேள்வி வரலாம் என்று தேர்வர்கள் வாரக்கணக்கில் பழகுகிறார்கள். சென்னையில் தமிழ்நாடு அரசின் பயிற்சி மையமே அவர்களுக்கு மாதிரி நேர்காணல் நடத்துகிறது. அப்படித் தேறி வந்த கலெக்டரை ஏமாற்றுக்காரர் என்று எழுத இவருக்குக் கை வருமா? சில ஆயிரம் ரூபாய் சம்பளத்துக்கு வரிசையில் நிற்கும் பிள்ளையிடம் மட்டும் ஏன் இந்தக் கண்டிப்பு?

அவருடைய தரப்பும் தயாரித்துக்கொண்டுதான் வருகிறது. கையில் கேள்விப் பட்டியல் இருக்கிறது, மதிப்பெண் தாள் இருக்கிறது, பிள்ளைகளின் சுயவிவரம் இருக்கிறது. காலையில் கல்லூரி அரங்கில் காட்டும் நிறுவன அறிமுகப் படத்தில் ஒவ்வொரு வரியும் பல பேர் பார்த்துத் திருத்தியது. எத்தனை பேர் முதல் வருடத்திலேயே விட்டுப் போகிறார்கள் என்று அந்தப் படத்தில் எந்த நிறுவனமும் போட்டு நான் பார்த்ததில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் இவ்வளவு ஆயத்தத்தோடு வரலாம், இந்தப் பக்கம் இருப்பவர் வெறுங்கையோடு வர வேண்டும் என்பது அதிகாரத்தின் பேச்சு. அதற்கு நேர்மை என்று பெயர் வைக்க வேண்டாம்.

பிரிட்டனின் ஜான் லூயிஸ் நிறுவனம் தன் நேர்காணல் கேள்விகளை யார் வேண்டுமானாலும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளும்படி இணையத்தில் வெளியிட்டது. விண்ணப்பிப்பவர்கள் யோசித்துவிட்டு வரட்டும் என்பதே நோக்கம். கட்டுரையாளருக்கு உண்மையான ஆளைப் பார்க்க வேண்டும் என்ற அக்கறை இருந்தால், வரும் வளாக நேர்காணலுக்குப் பத்து நாள் முன்னதாகத் தன் நிறுவனத்தின் கேள்விகளை எல்லாக் கல்லூரிகளுக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் அனுப்பிவைக்கட்டும். ஒப்பித்தவர் யார், யோசித்தவர் யார் என்பதைத் துணைக்கேள்வி கேட்டு அவரே கண்டுபிடிக்கட்டும்.