வள்ளலார் சொன்னதில் விளக்கம் தேவைப்படாத ஒன்று

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

தைப்பூசம் நெருங்கினால் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வழக்கு தொடங்கிவிடும். வள்ளலார் சைவரா, சைவத்தைக் கடந்தவரா? ஒருவர் திருநீறு பூசிய படத்தைப் போடுவார். உடனே இன்னொருவர், நீறு இல்லாத படத்தைப் போடுவார்.

இதற்கு அச்சு வரலாற்றிலேயே ஒரு காரணம் உண்டு. அருட்பாவை ஆறு திருமுறைகளாக வகுத்தவர் அடிகளின் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார். முதல் நான்கும் 1867இல் வெளிவந்தன, ஐந்தாவது 1880இல். சாதியையும் சமயத்தையும் சாத்திரத்தையும் கடுமையாக மறுக்கும் பாடல்கள் உள்ள ஆறாம் திருமுறை 1885இல்தான் அச்சேறியது. அடிகள் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டது 1874 ஜனவரி 30. அதற்குப் பிறகும் பதினொரு ஆண்டுகள், மக்கள் கையில் புத்தகமாக இருந்தவர் கந்தகோட்டத்து முருகனையும் ஒற்றியூர்ச் சிவனையும் உருகிப் பாடிய வள்ளலார்தான்.

என் கட்சி பிந்தியவர் பக்கம். 1873 அக்டோபரில் செய்த பேருபதேசத்தில், தமக்கு முன்பு சைவத்தில் இருந்த பற்றைப் பற்றி அவரே பேசி, அதை விட்டதையும் சொல்கிறார். பத்தாம் வகுப்புப் பையனுக்கு மூன்றாம் வகுப்பு நோட்டைப் பார்த்து மார்க் போட முடியுமா? (அடிகளைப் பையனாக்கிவிட்டேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். நாற்பது வருட வாத்தியார் புத்தி.) வடலூர் ஞானசபையில் நடந்த சைவ முறைப் பூசை அவர் வகுத்த வழிபாட்டுக்கு ஒத்ததல்ல என்ற அறநிலையத் துறை உத்தரவை, 2010இல் சென்னை உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனாலும் முதல் ஐந்து திருமுறைகளைப் பாடி அழுகிறவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். உடம்பு ஒளியானது என்று நம்புகிறவர்களோடும், அது உருவகம் என்கிறவர்களோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

எனக்கு ஆற்றாமை வேறொரு இடத்தில். 1871இல் அடிகள் ஓர் அறிவிப்பு எழுதினார். 'சமாதி வற்புறுத்தல்' என்று பெயர். பாட்டல்ல, மறைபொருள் இல்லை. இறந்தவரைச் சுடாமல் புதைக்க வேண்டும், கணவன் இறந்தால் மனைவி தாலி வாங்க வேண்டாம், மனைவி இறந்தால் கணவன் மறுமணத்துக்கு முயல வேண்டாம், கருமக் காரியம் எதுவும் வேண்டாம், ஒருநாள் வந்தவர்களுக்குச் சோறு போட்டால் போதும் என்கிறார். நம் ஊர்த் தபால்காரருக்கும் புரியும் தமிழ்.

சென்ற வருடம் நம் உறவில் ஒரு வீடு. பெயர் வேண்டாம். இறந்தவர் ஐம்பது வருடச் சன்மார்க்கி. கூடத்தில் அணையாத விளக்கு, வாசலில் அகவல் புத்தகம். பதினாறாம் நாள் விடியுமுன் அந்த அம்மாவைப் பின்கட்டுக்கு அழைத்துப்போய்ச் செய்வதையெல்லாம் செய்துவிட்டார்கள். மாலையில் அதே கூடத்தில் மகாமந்திரம் சொன்னார்கள். நீறு பூசலாமா கூடாதா என்று வருடாவருடம் மல்லுக்கு நிற்கும் இரண்டு பேரும் அங்கே இருந்தார்கள். அன்று இருவருக்குள்ளும் ஒரு கருத்து வேறுபாடும் இல்லை.

கேட்டால், அது சாதுக்களுக்குச் சொன்னது என்கிறார்கள். சாதுவுக்கு ஏது பெண்டாட்டி, தாலி, பிள்ளை? அந்த அறிவிப்பு குடும்பஸ்தனைத் தவிர வேறு யாருக்கு? ஊர் பேசுமே என்கிறார்கள். அடிகளை ஊர் பேசாததா? ஆறுமுக நாவலர் 1869இல் அருட்பாவை மறுத்து நூலே எழுதினார்.

நகரத்தில் புதைக்க இடமில்லை என்று சென்னையிலிருந்து ஒரு மாணவர் சொன்னார். அது உண்மையான சிக்கல், ஒப்புக்கொள்கிறேன். தாலிக்கு நிலம் தேவையில்லையே.

என் விஷயத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பீரோவில் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். பிள்ளைகள் இருவருக்கும் நகல் கொடுத்தாயிற்று. வீட்டு அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "சாப்பாட்டுக்கு எத்தனை பேர் என்று எழுதவில்லையே, அரிசிக் கணக்கு நான் எப்படிப் போடுவது?" என்றாள். இருநூறு பேர் என்று கீழே சேர்த்திருக்கிறேன்.