அடுப்படியும் ஆண்டவருக்குப் பிரியந்தான்!



பைபிளில் 'கடவுளுக்குப் பிரியமாய் இருப்பது' பற்றி வருகிற சில வசனங்கள் நம்மைப் போன்ற குடும்பப் பெண்களை ரொம்பவே கலங்கடிக்கின்றன. வசனத்தின் மேல் குற்றமில்லை. பாதியைப் பிய்த்து எடுத்துச் சொல்கிறவர்களால் வருகிற வினை. அதைப் பற்றி என் மனதில் பட்டதை எழுதுகிறேன்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனையோ பெண்கள் இருட்டோடு எழுந்து சமைத்து, தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு, ஜீப் ஏறி இடுக்கி மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறார்கள். திரும்பி வர அந்தி சாய்ந்துவிடும். எங்கள் தெருவில் அப்படிப் போகிற ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "யக்கா, புருஷன், பிள்ளை, சமையல்னு கிடக்கிறவ கர்த்தருக்குப் பிரியமா இருக்க முடியாதுன்னு கூட்டத்துல சொன்னாங்களே, நெசமா?" மகனுக்குக் காய்ச்சல் வந்தது தன் குறையால்தானோ என்று இரண்டு நாள் உபவாசம் இருந்து, அந்த வெறும் வயிற்றோடு மலையேறி, காய் எடுக்கிற இடத்திலேயே மயங்கி விழுந்திருக்கிறாள். இதைக் கேட்டபின் எப்படிச் சும்மா இருப்பது?

அவளைப் பயமுறுத்திய வசனம் கொரிந்தியருக்கு பவுல் எழுதிய முதல் கடிதம், 7-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கல்யாணமாகாதவள் ஆண்டவருடைய காரியத்தில் கவலையாய் இருக்கிறாள், கல்யாணமானவள் புருஷனுக்கு எப்படிப் பிரியமாயிருப்பது என்று கவலைப்படுகிறாள் என்பது அதன் கருத்து. சரி. ஆனால் அதற்கு முந்தின வசனத்தில் கல்யாணமான ஆணைப் பற்றியும் இதையேதான் சொல்லியிருக்கிறார். அதை ஏன் யாரும் மேடையில் சொல்வதில்லை? அடுத்த வசனத்தில், உங்களைக் கண்ணியில் மாட்டிவிட நான் இதைச் சொல்லவில்லை, உங்கள் நன்மைக்காகவே சொல்கிறேன் என்கிறார். கொரிந்து சபையார் எழுதிக் கேட்ட கேள்விகளுக்கு, நெருக்கடியான ஒரு காலத்தில் அவர் எழுதிய பதில் இது. அவர்கள் எழுதிய கடிதம் நம் கையில் இல்லை, பதில் மட்டுந்தான் இருக்கிறது. அதே கடிதத்தின் 9-ஆம் அதிகாரத்தில், பேதுரு தம் மனைவியைக் கூட அழைத்துக்கொண்டுதான் ஊழியத்துக்குப் போனார் என்றும் தெரிகிறது. குடும்பம் இருந்தாலே கடவுளுக்கு ஆகாது என்றால் இது எப்படி?

இன்னொன்று, ரோமர் 8-ஆம் அதிகாரம். மாம்சத்துக்கு உட்பட்டவர்கள் கடவுளுக்குப் பிரியமாயிருக்க மாட்டார்கள் என்கிறது. மாம்சம் என்றதும் பல பெண்கள் தங்கள் உடம்பையே அசுத்தமாக நினைத்துக்கொள்கிறார்கள். மாதவிலக்கு நாளில் வேதத்தைத் தொடக்கூடப் பயப்படுகிறவர்கள் உண்டு. ஆனால் பவுல் சொல்வது சுயநலத்துக்கே அடிமைப்பட்ட வாழ்க்கையை. அதே கடிதம் 12-ஆம் அதிகாரத்தில், உங்கள் உடம்பைக் கடவுளுக்குப் பிரியமான உயிருள்ள பலியாகக் கொடுங்கள் என்றல்லவா கேட்கிறது! உடம்பு அசுத்தமென்றால் அதைக் கேட்பாரா?

மூன்றாவது, எபிரெயர் 11-ஆம் அதிகாரம். விசுவாசம் இல்லாமல் கடவுளுக்குப் பிரியமாயிருப்பது 'கூடாத காரியம்' என்று தமிழில் போட்டிருக்கிறது. நம் பேச்சில் 'கூடாது' என்றால் செய்யக்கூடாது, தடை என்று அர்த்தம். பழைய தமிழில் அது 'இயலாது' என்பதைக் குறிக்கும். ஆக, இது மிரட்டல் இல்லை. நம்பிக்கை இல்லாமல் உறவு இல்லை என்கிற சாதாரண உண்மை. பிரியமாய் நடப்பது எப்படி என்று அதே கடிதம் 13-ஆம் அதிகாரத்தில் உடைத்தே சொல்கிறது: நன்மை செய்யுங்கள், உள்ளதைப் பகிர்ந்து கொடுங்கள், இப்படிப்பட்ட பலிகள்தான் அவருக்குப் பிரியம். நம் வீடுகளில் இது தினமும் நடப்பதுதானே?

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் வந்ததில்லை. அயர்லாந்தில் பிறந்து 1895-இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், தமிழ்ப் பெண்களோடு திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகப் பிரசங்கம் செய்துவந்தார். 1901-இல் ஒரு சிறுமி அவரிடம் அடைக்கலம் வந்தாள். அதன்பின் பச்சைக் குழந்தைகளும் வர, டோனாவூரில் பால் புகட்டுவதும் துணி துவைப்பதும் சீக்குப் பார்ப்பதுமே வேலையாகிவிட்டது. ஊழியத்தை விட்டுவிட்டு ஆயா வேலை பார்க்கலாமா என்ற கேள்வி அவருக்கும் எழுந்தது. யோவான் 13-ஆம் அதிகாரத்தில் இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் காலைக் கழுவியதில்தான் அவருக்குப் பதில் கிடைத்தது. 1931-இல் கீழே விழுந்து அடிபட்டபின், 1951-இல் இறக்கும்வரை பெரும்பாலும் தன் அறையிலேயே கிடந்தார். ஓடியாடிச் செய்வதுதான் கடவுளுக்குப் பிரியம் என்றால் அந்த இருபது வருஷமும் வீண் என்றல்லவா ஆகிவிடும்? யாராவது அப்படிச் சொல்வார்களா?

உபவாசமும் கூட்டமும் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மனம் இருந்தால், உடம்பு தாங்கினால் இருக்கட்டும். பயத்தில் செய்வதுதான் கூடாது. பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் முதலில் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஜெபத்தை வழியில் பண்ணிக்கொள்ளலாம்.

மற்ற மதத்துச் சகோதரிகளும் 'சாமி குத்தம்' என்று இதே பயத்தில் உடம்பை வருத்திக்கொள்வதைப் பார்க்கிறேன். அவர்களுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

சகோதரிகளே, ஒரு வசனம் உங்களைப் பயமுறுத்தினால் அதோடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள். முன்னால் ஒரு அதிகாரம், பின்னால் ஒரு அதிகாரம் நீங்களே படித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரிக்கும் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். அதுவும் அவருக்குப் பிரியமான காரியந்தான்!

— ஒரு வாசகி, கம்பம்.