சோறன்று பகை!

உடல் பருத்துவிட்டது என்று மருத்துவர் சொன்ன அன்றே நம் மக்களுள் பலர் பழி சுமத்துவது சோற்றின்மேல்தான். “இனிச் சோற்றைத் தொடேன்” என்று சூளுரைத்தவர், மாலையில் சருக்கரை மிகுந்த தேநீரோடு நான்கு பிசுக்கோத்துகளை உண்டு முடிப்பார். இரவில் மைதாப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக் குழம்பில் நனைப்பார். எடை குறையவில்லையே என்று திங்கள் முடிவில் வருந்துவார். குற்றவாளியை விருந்துக்கு அழைத்துவிட்டு, அவன் உறவினனைச் சிறையில் அடைக்கும் முறைமன்றம் இது!

சோறு செய்த குற்றந்தான் என்ன? அதிலுள்ள மாப்பொருள் எடையை ஏற்றுகிறதாம். மாப்பொருள் என்ன, தனியொரு பண்டமா? வரகும் தினையும் அதனைக் கொண்டவை. மொச்சையும் கொள்ளும் அதனைக் கொண்டவை. வெள்ளைச் சருக்கரையும் மைதாவும் பெரிதும் அதனாலேயே ஆனவை. இவை அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் அறிவுடைமை ஆகுமா?

கூலமணிக்கு இயற்கை அளித்த மேலுறை தவிடு; உள்ளே இருப்பது முளை. நார்ப்பொருளும் உயிரூட்டங்களும் பெரும்பாலும் அவற்றில்தான் உள்ளன. ஆலைகள் அவ்விரண்டையும் நீக்கி மாட்டுத் தீவனத்திற்கு அனுப்பிவிட்டு, எஞ்சிய வெண்மையை நமக்கு விற்கின்றன. 100 கிராம் கேழ்வரகிலும் கம்பிலும் ஏறத்தாழ 11 கிராம் நார்ப்பொருள் உண்டு. நன்கு தீட்டிய அரிசியிலோ 3 கிராம்கூட இல்லை. நார்ப்பொருள் வயிற்றை நிறைக்கும், செரிமானத்தை மெதுவாக்கும், குருதியில் சருக்கரை திடுமென ஏறாது காக்கும். அஃது இல்லாத உணவு விரைந்து கரையும்; விரைந்து பசிக்கும்; பசித்தவன் மீண்டும் உண்பான். உணவுகள் குருதிச் சருக்கரையை ஏற்றும் அளவைக் குறிக்கும் எண்முறையைக் கனடா நாட்டுத் தொராண்டோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1981-இல் வெளியிட்டனர். அவ்வரிசையில் தீட்டிய அரிசி மேலே நிற்கிறது. பயறுகள் கீழே நிற்கின்றன.

மாப்பொருளை அடியோடு ஒழித்தால் எடை குறையாதா என்பர் சிலர். முதற் கிழமையில் குறையத்தான் செய்யும். ஆனால் குறைந்தது எது? தசையிலும் ஈரலிலும் உடல் சேர்த்து வைத்துள்ள மாப்பொருள், ஒரு பங்கிற்கு ஏறத்தாழ மூன்று பங்கு நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சேமிப்புக் கரைந்தால் அந்நீரும் வெளியேறும். ஆகவே, முதலில் போனதிற் பெரும்பகுதி கொழுப்பன்று, நீரே! பழைய உணவிற்குத் திரும்பியதும் அது திரும்பி வந்துவிடும். நீரிழிவுக்கு மருந்து உண்போர் மருத்துவரைக் கேளாது மாப்பொருளைத் திடுமென வெட்டுவது, உயிர்க்கே இடராகவும் கூடும்.

இனி, நம்மவர் செய்யும் தவற்றையும் மறைத்தல் கூடாது. “தினையும் வரகும் எம் முன்னோர் உணவு, எவ்வளவு உண்டாலும் தீங்கில்லை” என்று மார்தட்டுவோர் பெருகிவிட்டனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் துணைநின்று நடத்திய பேராய்வொன்றின் முடிவு 2025-இல் வெளிவந்தது. இந்நாட்டு மக்கள் பெறும் ஆற்றலில் ஏறத்தாழ 62 விழுக்காடு மாப்பொருளிலிருந்தே வருகிறது என்று அது காட்டிற்று. அளவைக் குறைக்காமல் அரிசிக்கு மாற்றாகக் கோதுமை மாவையோ சிறுகூல மாவையோ வைப்பதனால் மட்டும் நீரிழிவு இடர் குறைவதாகத் தெரியவில்லை என்றும் அது கூறிற்று. கேழ்வரகை நைய அரைத்துக் கஞ்சியாக்கிச் சருக்கரையைக் கொட்டிக் குடித்துவிட்டு முன்னோரைத் துணைக்கு அழைத்தால் முன்னோர் என்ன செய்வர்? திருவள்ளுவர் ‘மருந்து’ அதிகாரத்தில் மிகுதியாகப் பேசியது மருந்தைப் பற்றியன்று. உணவின் அளவைப் பற்றியும் செரிமானத்தைப் பற்றியுமே!

செய்ய வேண்டுவது யாது? ஐதராபாத்திலுள்ள நாட்டு ஊட்டவியல் நிறுவனம் 2024-இல் தந்த வழிகாட்டுதலின்படி, கூலங்களிலிருந்து பெறும் ஆற்றல் 45 விழுக்காட்டை விஞ்சலாகாது. உலக நலவாழ்வு அமைப்பு 2023-இல் கூறியபடி, வளர்ந்தோர்க்கு நாள்தோறும் குறைந்தது 400 கிராம் காய்கனிகளும் 25 கிராம் நார்ப்பொருளும் வேண்டும். இதனை உண்கலத்திற்குக் கொண்டுவருதல் எளிது. கலத்தில் பாதி காய்கீரைக்கு உரியது; காற்பங்கு பயறு, முட்டை, மீன் ஆகியவற்றுக்கு உரியது; எஞ்சிய காற்பங்கே சோற்றுக்கோ களிக்கோ உரியது. அச்சோறும் தவிடு நீங்காத அரிசியினதாயின் நன்று. பழத்தைப் பிழியாது கடித்து உண்க.

இவ்வளவும் அடுக்களையில் ஆகும். கடையில் வாங்கும் பொதியில் ஆகுமா? மேலே கேழ்வரகுக் கதிரின் படம். உள்ளே மைதாவும் சருக்கரையும்! சேர்பொருள்களை எடை மிகுந்தது முதலாக வரிசைப்படுத்த வேண்டும் என்பது சட்டம். முதலில் நிற்பது மைதாவாயின் அப்படம் வெறும் படமே. ஆனால், அவ்வரிசை எம்மொழியில் உள்ளது? 2020-ஆம் ஆண்டின் இந்திய உணவுப் பொதிக் குறிப்பு ஒழுங்குமுறை, ஆங்கிலத்தையோ தேவநாகரி எழுத்திலான இந்தியையோதான் கட்டாயமாக்கிற்று. தமிழ் இருந்தால் இருக்கலாம், இல்லையெனினும் குற்றமில்லை! மைதாவை ‘ரிபைண்டு வீட் பிளவர்’ என்று அச்சிட்டால், நீரிழிவுற்ற கணவருக்குக் ‘கோதுமைப் பிசுக்கோத்து’ வாங்கிச் செல்லும் தாய் எதைக் கண்டு விலக்குவாள்? நல்லதைத் தேர்க என்று அவளுக்கு அறிவுரை கூறும் அரசு, தேர்வதற்குரிய கண்ணைக் கட்டிவிடுவது என்ன அறம்?

ஆகவே, சோற்றை வெறுத்தல் வேண்டா. தீட்டியதைக் குறைத்திடுக! அளவறிந்து உண்க! பொதியின் பின்புறத்தைப் படித்த பின்னரே பணத்தை எடுத்திடுக! தமிழ்நாட்டில் விற்கும் உணவின் உள்ளடக்கம் தமிழில் இருத்தல் வேண்டும் என்று உரக்கக் கேட்டிடுக! உண்பது இன்னதென்று அறியும் உரிமை, உண்ணும் வாய்க்கு முதல் உரிமை!