பிரம்பு போனபின் வகுப்பறையை எது ஒழுங்குபடுத்தும்?

பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாது எனக் கல்வி அமைச்சு 17/2005 இலக்கச் சுற்றறிக்கையில் அறிவித்து இரண்டு தசாப்தங்கள் கடந்துவிட்டன. ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவன் ஒருவனின் வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2021 இல் தீர்ப்பளித்தது. ஆயினும் பிரம்பு முற்றாக ஓயவில்லை. அடிக்காதே என்று சொன்ன அளவுக்கு, அடிக்காமல் வகுப்பை எப்படி நடத்துவது என்பது பேசப்படவில்லை.

வன்னியில் இக்கேள்வி இன்னும் கனமானது. இன்று வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் 2009 மே மாதத்துக்குப் பின் பிறந்தவர்கள். ஆனால் பல வீடுகளில் போர் இன்னும் முடியவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவரைத் தேடும் பேத்தி, உடலில் செல் துண்டுகளுடன் கூலிக்குப் போகும் தந்தை, அடைக்க முடியாத கடன். அந்த வீட்டிலிருந்து வரும் பிள்ளையின் பதற்றத்தைக் 'குழப்படி' என்று மட்டும் பார்க்க முடியாது.

செலவில்லாமல் ஆசிரியர் நாளைக்கே மாற்றக்கூடியது ஒன்று உண்டு: வாங்கு மேசைகளின் ஒழுங்கு. குழப்படிக்காரனைக் கடைசி வாங்குக்கு அனுப்புவது நம் வழக்கம். அங்கே கரும்பலகை தெளிவாகத் தெரியாது, ஆசிரியரின் குரலும் எட்டாது. பாடம் விளங்காதவன் பக்கத்தில் இருப்பவனைச் சீண்டுவான். தண்டனையே அடுத்த குழப்படிக்குக் காரணமாகிறது. அவனை முன்னே, அமைதியான ஒரு பிள்ளைக்கு அருகே இருத்துவதே பயன் தரும்.

ஒவ்வொரு மேசைக்கும் ஆசிரியர் நடந்துபோக வழி இருக்கவேண்டும். அவர் அருகில் வந்து நின்றாலே பாதிச் சலசலப்பு அடங்கும். தனியே கணக்குச் செய்ய வரிசை நல்லது. கலந்துரையாட அரைவட்டம் நல்லது. முகம் பார்த்து இருத்திவிட்டு 'கதைக்காதே' என்பது நியாயமல்ல. சத்தத்துக்குத் திடுக்கிடும் பிள்ளைக்கு, முதுகுக்குப் பின் சுவரும் கண்ணுக்கு எதிரே வாசலும் உள்ள இடம் ஆறுதல் தரும்.

மேசையை நகர்த்தினால் மனக்காயம் ஆறிவிடாது. அதற்கு உளவள ஆலோசகரும் நேரமும் வேண்டும். ஆனால் காயத்தின் மேல் காயம் விழாமல் தடுக்கலாம். மேற்பார்வைக்கு வரும் வலயக் கல்வி அதிகாரிகள் பாடக்குறிப்போடு இதையும் பார்க்கவேண்டும். பெற்றோரும் அடுத்த கூட்டத்தில் புள்ளிகளை விசாரிக்குமுன், 'என்ர பிள்ளை எந்த வாங்கில இருக்குது?' என்று கேட்கட்டும்.