நெருப்புக்காக நீரை இழக்கலாமா?

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மனிதர்கள் அனைவரும் பங்காளிகள் என நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். அந்த நெருப்பை இன்றைய மொழியில் சக்தி என்று சொல்லலாம். விறகு முதல் எண்ணெய், எரிவாயு, மின்சாரம் வரை எல்லாம் அதற்குள் அடங்கும். இன்றோ நெருப்பைப் பெறுவதற்காக நீரைப் பணயம் வைக்கும் ஒரு முறை உலகில் பரவியிருக்கிறது. அதன் பெயர் பிராக்கிங்.

நிலத்துக்கு அடியில் மிக ஆழத்தில், ஷேல் எனும் படிவுப் பாறைகளுக்குள் எரிவாயு அடைபட்டிருக்கிறது. அங்கு வரை துளையிட்டு, மணலும் இரசாயனங்களும் கலந்த நீரைப் பெரும் அழுத்தத்துடன் செலுத்திப் பாறையில் வெடிப்புகளை உண்டாக்குகிறார்கள். அந்த வெடிப்புகள் வழியே வாயு மேலே வருகிறது. ஒரு கிணற்றுக்கு மாத்திரம் சுமார் 60 இலட்சம் லீற்றர் முதல் 6 கோடி லீற்றர் வரை நீர் செலவாகலாம். திரும்பி வரும் கழிவுநீரில் உப்பும் நச்சுப் பொருட்களும் இருக்கும். சில சூழ்நிலைகளில் இம்முறை குடிநீர் வளத்தைப் பாதிக்கக் கூடும் என ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகமே 2016 இல் தனது அறிக்கையில் ஏற்றுக்கொண்டது.

மழையே அரிதான பாலைவனத்தில் இதைச் செய்தால் என்னவாகும்? அல்ஜீரியாவின் தெற்கே, ஸஹாராவின் நடுவில் ஐன் ஸாலிஹ் என்ற ஊர் இருக்கிறது. அப்பெயருக்கு 'நல்ல ஊற்று' என்று பொருள். அப்பகுதி மக்கள் நம்பியிருப்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை நிலத்தடியில் தேங்கிய நீரை. ஃபுக்காரா எனும் சுரங்கக் கால்வாய்களால் அதை வெளியே கொண்டுவந்து, சீப்பு வடிவக் கல் மடைகளால் ஒவ்வொரு தோட்டத்துக்கும் உரிய பங்கைப் பிரித்துக் கொடுப்பது அவர்களின் மரபு. இந்த நீர் அளப்போரின் அறிவை யுனெஸ்கோ 2018 இல் பாதுகாக்கப்பட வேண்டிய மரபுரிமையாக அறிவித்தது.

அவ்வூருக்கு அருகில் அரசு ஷேல் எரிவாயுவுக்கான பரீட்சார்த்தக் கிணற்றைத் தோண்டியபோது, 2015 ஜனவரியில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். பெண்களும் மாணவர்களும் முன்னணியில் நின்றார்கள். அவர்களின் அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1960 இல் பிரான்ஸ் தனது முதல் அணுகுண்டைப் பரிசோதித்தது இதே ஸஹாராவின் ரக்கான் பகுதியில்தான். அதே பிரான்ஸ் 2011 இல் தனது சொந்த மண்ணில் பிராக்கிங்கைத் தடை செய்தது.

அல்ஜீரியாவின் நியாயத்தையும் நாம் கேட்க வேண்டும். அந்நாட்டின் வருமானமே எண்ணெயிலும் எரிவாயுவிலும் தங்கியுள்ளது. சக்தி இல்லாத வாழ்வு எப்படியிருக்கும் என்பதும் நமக்குத் தெரியும். 2022 இல் நமது நாட்டில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. எனினும் மின்சாரம் இல்லாத இரவை மெழுகுதிரியுடன் கழிக்கலாம். கெட்டுப்போன நிலத்தடி நீருக்குப் பதிலாக எதை வைப்பது? வருடம் முழுவதும் வெயில் கொட்டும் ஸஹாராவில், சூரியனை விட்டுவிட்டுப் பாறையை உடைப்பது அறிவுடைமையாக எனக்குத் தோன்றவில்லை.

அதற்காக, சூரிய சக்தி, காற்றுச் சக்தி என்று பெயர் வைத்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. நமது மன்னார்த் தீவைப் பாருங்கள். 2020 இல் அங்கு 30 காற்றாலைகள் கொண்ட தம்பபவனி மின்நிலையம் திறக்கப்பட்டது. காற்றாலை சுத்தமான சக்திதான். ஆனாலும் வலசைப் பறவைகள் வந்திறங்கும் அத்தீவில் மேலும் மேலும் காற்றாலைகளை நிறுவ முயன்றபோது, மீனவர்களும் ஊர் மக்களும் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஐன் ஸாலிஹ் மக்களும் மன்னார் மக்களும் கேட்பது ஒரே கேள்வி: "எங்கள் நிலத்தில் செய்யும் வேலையை எங்களிடம் ஏன் முதலில் கேட்கவில்லை?"

இஸ்லாம் இதற்கு மஷூரா என்ற அழகிய வழியைத் தந்திருக்கிறது. நிலைபேறான சக்தி என்பது புகை வராத சக்தி மாத்திரமல்ல. அந்த இடத்து மக்களுடன் கலந்தாலோசித்து, அவர்களின் நீருக்கும் தொழிலுக்கும் தீங்கில்லாமல் பெறும் சக்தியே நிலைபேறானது.

பெற்றோரே, சகோதரிகளே! தேவையற்ற மின்விளக்கை அணைப்பதும் வுழூச் செய்யும்போது குழாயைச் சிறிதாகத் திறப்பதும் நமது கடமைகள். அத்துடன் நமது பொறுப்பு முடிந்துவிடாது. நாளை எம்மில் சிலர் பொறியியலாளராகலாம், சட்டத்தரணியாகலாம், அதிகாரியாகலாம். அப்போது ஒரு மின்திட்டம் நம் மேசைக்கு வந்தால், எத்தனை மெகாவாற் என்று கேட்பதற்கு முன், யாருடைய கிணற்றுக்குப் பக்கத்தில் என்று கேட்போம். நீர் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதற்கு நாம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.